தரிசில் இறங்கும் பருந்து

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் மேற்கே பார்க்கிறார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. தெருமுனைக்குத் தெருமுனை மலை தெரிகிறது. அடிவாரத்து முந்தலைத் தாண்டிவிட்டால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்பால் ஏலத்தோட்டங்கள். விடிவதற்குள் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும், பொழுது சாய இறங்கும். ஊருக்குள் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் அன்றைய காய் விலை ஓடிக்கொண்டிருக்கும். சாரல், வேலை, பணம், காட்டைப் பற்றிய சண்டை சச்சரவு எல்லாமே இந்த ஊருக்கு மேற்கிலிருந்துதான் இறங்கி வருகிறது.

இந்த அத்தியாயத்தின் பறவையைப் பார்க்க வேண்டுமானால் மலைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சிலமலை, ராசிங்காபுரம், பொட்டிப்புரம் பக்கத்தில் மானாவாரிக் காடுகள் இருக்கின்றன. கடலை பிடுங்கிய நிலம், சோளத்தட்டை அறுத்த நிலம், சில வருடமாக யாரும் உழாமல் புல் மண்டிய நிலம். அக்டோபர் மாத முடிவில் காலை ஏழு மணி வாக்கில் அங்கே வரப்போரம் நின்றால், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இறக்கைகளை ஆங்கில ‘வி’ எழுத்துபோல் தூக்கிப் பிடித்தபடி, பக்கவாட்டில் லேசாக ஆடி ஆடி ஒரு பறவை வரும். வானத்தில் வட்டமிடும் பருந்து நமக்குப் பழக்கம். இது வட்டமிடாது. வரப்பை ஒட்டியே ஒரு கோடு போகும், திரும்பும், அடுத்த கோடு வரும். புல்லுக்குள் ஏதோ அசைந்தால் அந்தரத்தில் அப்படியே நின்று, கால்களைத் தொங்கப்போட்டு விழும். பத்துத் தடவை விழுந்தால் எட்டுத் தடவை வெறுங்காலோடுதான் எழும். வெளிர் பூனைப்பருந்து அது.

ஆணின் முதுகு வெளிறிய சாம்பல், வயிறு வெள்ளை, இறக்கை நுனியில் மட்டும் கருப்பாக ஒரு ஆப்பு. பெண்ணும் இளம் பறவையும் பழுப்பு. வாலின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை, பறக்கும்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். கிட்டத்தில் பார்த்தால் முகம் ஆந்தையைப் போலிருக்கும். கன்னத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் இறகு வளையம் சத்தத்தைக் காதுக்குத் திருப்பிவிடுகிறது. புல்லுக்குள் எலி நடக்கும் சரசரப்பைக் கேட்டே இறங்கக்கூடிய பறவை இது. இவ்வளவு தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதன் காரணமே அதுதான். இறக்கை விரிப்பு ஒரு மீட்டருக்கு மேல். ஆணின் எடையோ அரைக் கிலோவைத் தொடாது. உடம்பு சின்னது, பாய்மரம் பெரியது. நாள் முழுக்கப் பறந்துகொண்டே இரை தேடுவதற்கான கட்டமைப்பு.

கோடையில் இதற்கு வீடு கஜகஸ்தானிலும் தென் ரஷ்யாவிலும் மங்கோலியாவரையும் விரிந்து கிடக்கும் ஸ்டெப்பி. மரமே இல்லாத புல்வெளி. நம் ஊர்ப் புல்வெளியை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக்கூடாது. ஒரு நாள் முழுக்க ரயிலில் போனாலும் ஜன்னலில் காட்சி மாறாத சமவெளி அது. அங்கே தரையிலேயே, உயர்ந்த புல்லுக்குள் கூடு கட்டி, நான்கைந்து முட்டையிட்டு, ஆண் வேட்டையாடிக் கொண்டுவரும் இரையைப் பெண் அந்தரத்திலேயே வாங்கிக்கொண்டு குஞ்சு வளர்க்கிறது. இரையில் முக்கியமானவை வயல் எலி இனங்கள். அவை சில ஆண்டுக்கு ஒருமுறை பெருகிப் பிறகு சட்டென்று குறைந்துபோகும் வகை. எலி பெருகிய இடத்தில் பருந்தும் கூடும். அடுத்த வருடம் அதே இடத்தில் ஒன்றுகூட இருக்காது. சொந்த ஊர் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்காராத பறவை. ஆகவே எண்ணுவதும் சிரமம். உலகம் முழுக்க வளர்ந்த பறவைகள் 18,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என்று பேர்ட்லைஃப் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அச்சுறுத்தலை நெருங்கியவற்றின் வரிசையில் நிற்கிறது.

ஏன் குறைந்தது? முதல் அடி 1954இல் விழுந்தது. சோவியத் நாட்டின் ரொட்டிப் பஞ்சத்தைப் போக்க நிகிதா குருஷேவ் கன்னி நிலத் திட்டத்தைத் தொடங்கினார். உழவு பார்க்காத ஸ்டெப்பியை டிராக்டர் கொண்டு புரட்டிக் கோதுமை விதைப்பதுதான் திட்டம். 1960க்குள் ஏறத்தாழ 4.2 கோடி ஹெக்டேர் உழப்பட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். மூன்று தமிழ்நாட்டுக்கும் அதிகமான புல்வெளி ஆறேழு வருடத்தில் வயலானது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு உழவும் அறுவடை இயந்திரமும் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. புல் போனதோடு, அந்தப் புல்லை நம்பியிருந்த எலியும் போனது.

கதை அங்கேயே நின்றிருந்தால் எளிமையாக இருந்திருக்கும். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. கஜகஸ்தானில் லட்சக்கணக்கான ஹெக்டேர் வயல் கைவிடப்பட்டுப் புல்லுக்கே திரும்பியது. பத்தாண்டுக்குள் அந்த நாட்டின் ஆட்டு மந்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. மனிதர்களுக்கு அது கொடுமையான காலம். பருந்துக்கு மூச்சு விட இடம் கிடைத்த காலம். இப்போது அங்கே திட்டமிட்ட பாதுகாப்பும் நடக்கிறது. சைகா என்ற புடைத்த மூக்கு மான் இனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போய், 2015இல் ஒரு தொற்றுநோயில் சில வாரத்துக்குள் இரண்டு லட்சம் செத்து, அதையும் மீறி 2023 கணக்கெடுப்பில் 19 லட்சமாக நின்றது. நௌர்சும் காப்புக்காடும் கோர்கல்ஜின் ஏரிகளும் 2008இல் யுனெஸ்கோவின் பாரம்பரியக் களமாயின. ஸ்டெப்பி முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கைவிட்ட நிலத்தில் ஒரு பகுதி மறுபடி கோதுமைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கோடியில் புல்லின் மதிப்பு தெரிந்த அரசும் அமைப்பும் இருக்கின்றன. வருடத்தில் ஐந்தாறு மாதம் இதே பறவை இரை தேடும் நம் கோடியில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் அதே ஸ்டெப்பியின் பெரிய பறவையைப் பற்றிக் கொஞ்சம். கஜகஸ்தான் கொடியில் சூரியனுக்குக் கீழே இறக்கை விரித்திருப்பது ஸ்டெப்பிக் கழுகு. தமிழ்நாட்டுக்கு எப்போதாவது தவறி வருவதோடு சரி. ராஜஸ்தான், குஜராத்தில் குளிர்காலத்தில் சாதாரணம். 2015இல் அது அழிவின் அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பூனைப்பருந்தைவிட இரண்டு படி மோசம். கொல்வது பெரும்பாலும் மின்கம்பம். மரமில்லாத சமவெளியில் உட்கார உயரமான இடம் கம்பம் மட்டும்தான். அகன்ற இறக்கை இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டுவிட்டால் முடிந்தது. இந்தியாவில் இன்னொரு எமன் காத்திருந்தது. மாட்டுக்குப் போடும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக் பாறுக் கழுகுகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த கதை ஊரறிந்தது. ராஜஸ்தானில் மாட்டுப் பிணம் கொட்டும் இடத்தில் செத்துக் கிடந்த ஸ்டெப்பிக் கழுகுகளின் உடம்பிலும் அதே மருந்து இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கழுகுகளின் பாதை நமக்குத் தெரிந்த விதமே சுவாரசியமானது. ரஷ்ய ஆய்வாளர்கள் கழுகின் முதுகில் கைப்பேசி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். 2019இல் ‘மின்’ என்று பெயரிட்ட கழுகு கஜகஸ்தானின் சிக்னல் இல்லாத பகுதியில் பல மாதம் திரிந்துவிட்டு நேரே ஈரானுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்த்து வைத்த செய்திகளையெல்லாம் அங்கிருந்து ரோமிங்கில் ஒன்றுக்கு 49 ரூபிள் வீதம் அனுப்பித் தள்ளியதில் ஆய்வுப் பணம் கரைந்துபோனது. விஷயம் வெளியே தெரிந்து மக்கள் நன்கொடை அனுப்ப, கைப்பேசி நிறுவனம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. ஒரு பறவையின் போன் பில்லுக்காக உலகம் சிரித்த வாரம் அது. சிரித்தவர்களில் எத்தனை பேர் மின்கம்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்களோ.

பூனைப்பருந்துக்குத் திரும்புவோம். அது ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடந்து தேனிப் பக்கம் வருவதன் காரணம் வெட்டுக்கிளி. நம் மழைக் கணக்கைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை ஏலமலையின் அந்தப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, போடிக்குக் காற்றையும் கொஞ்சம் சாரலையும் அனுப்பும். இந்தச் சமவெளிக்குச் சொந்த மழை அக்டோபரில்தான். ஐப்பசி மழையில் புல் கிளம்ப, புல்லோடு வெட்டுக்கிளி கிளம்ப, சரியாக அப்போது ஸ்டெப்பியில் குளிர் இறங்கிப் பருந்து கிளம்பி வந்து சேர்கிறது. எலி தின்று குஞ்சு வளர்த்த பறவை இங்கே பூச்சி தின்னியாகிவிடுகிறது. எலி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாது. ஓணான், வானம்பாடி, நெட்டைக்காலி, காடைக்குஞ்சு எதுவும் சம்மதம்தான். ஆனால் தினப்படி சாப்பாடு வெட்டுக்கிளி.

பருந்து தின்றதில் செரிக்காததை உருண்டையாக்கிக் கக்கும். இரவு தங்குமிடத்தில் காலையில் போய்ப் பார்த்தால், பெருவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் புல்லடியில் கிடக்கும். ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஊசியால் பிரித்தால் முள் வரிசையோடு வெட்டுக்கிளியின் பின்னங்கால்கள், அரிவாள் முனைபோலக் கறுத்துக் கடினமான தாடைகள், நடுவே ஒரு சிட்டின் இறகுத் தண்டு, ஓணானின் செதில். தாடைகளை ஜோடி சேர்த்து எண்ணினால் அந்த ஒரு வேளையில் எத்தனை பூச்சி போனது என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் ஆய்வாளர் ரோஜர் கிளார்க்கும் விபு பிரகாஷ் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் 1990களில் குஜராத்தின் வேளாவதரில் பூனைப்பருந்துகளை ஆராய்ந்தார்கள். வெளிர் பூனைப்பருந்தும் அதன் உறவான மாண்டேகு பூனைப்பருந்தும் அங்கே வெட்டுக்கிளியை அடிப்படையாக வைத்தே குளிர்காலத்தைக் கழிப்பது அப்போது தெளிவானது.

வேளாவதர் வெறும் 34 சதுர கிலோமீட்டர். வெளிமானுக்காக ஒதுக்கிய புல்வெளி. மாலையில் நாலா திசையிலிருந்தும் வந்து ஆயிரக்கணக்கில் தரையில் இறங்கித் தங்கிய பூனைப்பருந்துகளை எண்ணி, உலகிலேயே பெரிய தங்குமிடம் இதுதான் என்று கிளார்க் குழு 1998இல் எழுதியது. அங்கேயும் பிற்காலத்தில் எண்ணிக்கை இறங்கியது. ஆந்திரத்தின் ரோலபாடு இன்னும் மோசம். கானமயிலுக்கான சரணாலயம் அது. 1980களின் நடுவில் ஆயிரத்துக்கும் மேல் பூனைப்பருந்துகள் தங்கிய இடத்தில் 2010களில் நூறுகூட இல்லை. பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. கணேஷும் எம்.பி. பிரசாந்தும் இந்தியாவின் தங்குமிடங்களைத் தொடர்ந்து கண்காணித்து இந்தச் சரிவை வெளியே கொண்டுவந்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடியின் கரிசல் காடுகளிலும் அவர்கள் வேலை நடக்கிறது. அவர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மாண்டேகு பூனைப்பருந்துகள் கஜகஸ்தானுக்குப் போனதால், கயத்தாறு பக்கத்துக் காட்டுக்கும் ஸ்டெப்பிக்கும் உள்ள தொடர்பு ஊகமாக இல்லாமல் வரைபடத்தில் கோடாகவே ஆனது.

இனி நம் பக்கத்து நிலம். ஊர்க் கணக்கில் இந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று தேடினால், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்ற மூன்று தலைப்புக்குள் அடங்கிவிடும். மிச்சம் பட்டாதாரர் உழாமல் போட்ட காடு. இவை எல்லாமே எதற்காவது ‘பயன்படுத்தப்பட’ வேண்டிய நிலமாகத்தான் அரசின் கண்ணிலும் தனியார் கண்ணிலும் படுகின்றன. நாட்டின் தரிசு நிலங்களுக்கென்றே மத்திய அரசு தனி வரைபடத் தொகுப்பு போட்டிருக்கிறது. புல்வெளியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. காடு அழிந்தால் கேட்க வனத்துறை உண்டு. புல் அழிந்தால் அதற்கு வளர்ச்சி என்று பெயர்.

தேனி மாவட்டத்தில் அது நடக்கும் விதம் பலவகை. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் வந்தபின் கடலைக் காடு தென்னந்தோப்பாகவும் மாந்தோப்பாகவும் திராட்சைப் பந்தலாகவும் மாறுகிறது. உழவருக்கு அது நியாயமான கணக்கு. மழையை நம்பிக் கடலை போட்டு நஷ்டப்பட்டவரிடம் பருந்துக்காக இன்னும் பத்து வருடம் கடலை போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பந்தலுக்கும் தோப்புக்கும் நடுவில் பூனைப்பருந்து வேட்டையாட முடியாது. அதற்குத் திறந்த வெளி வேண்டும். ஊரை ஒட்டிய காட்டைப் பிளாட் போட்டுக் கல் நட்டுவிடுகிறார்கள். பலவற்றில் பதினைந்து வருடமாக வீடு வரவில்லை, சீமைக்கருவேலம் வந்துவிட்டது. மரம் என்பதால் அதைப் பசுமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. புல்வெளிப் பறவைக்குக் கருவேலங்காடும் கான்கிரீட்டும் ஒன்றுதான். மரம் நடும் இயக்கங்களைப் பற்றியும் இதே குறைதான் எனக்கு. நடுவதற்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது மேய்ச்சல் புறம்போக்கு.

சூரிய மின்சாரத்தின் பசியும் இதே நிலத்தின் மேல்தான். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் ஆலை சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. அதுபோன்ற இடத்தேடல் தென்மாவட்டம் முழுக்க நடக்கிறது. காற்றாலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். ஓடைப்பட்டி, காமாட்சிபுரம் பக்கத்துக் காற்றாலைகள் முழு வீச்சில் சுற்றுவது ஆடிக்காற்றில். அப்போது பூனைப்பருந்து ஸ்டெப்பியில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். வேட்டையாடும் உயரமும் இறக்கைகள் சுற்றும் உயரத்துக்கு வெகு கீழே. எனவே காற்றாலை என்றதுமே பருந்தை வெட்டும் கத்தி என்று கூச்சல் போடுவதைவிட, அதற்காகப் போட்ட சாலையும் இழுத்த மின்கம்பியும் துண்டாக்கிய புல்வெளியும் என்ன செய்கின்றன என்று பார்ப்பது பொருத்தம்.

மேய்ச்சலுக்கு வருவோம். தேனி மலைமாடு என்ற இனத்தை வைத்து வாழும் குடும்பங்கள் தலைமுறையாகக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தவர்கள். மேகமலைப் பகுதி 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சல் கூடாது என்றது. புலிக்கு அது நல்லதாகவே இருக்கலாம். மலையில் இடமில்லாத மாடு சமவெளியின் புறம்போக்குக்குத்தான் இறங்க வேண்டும். அந்தப் புறம்போக்கோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. அளவான மேய்ச்சல் புல்வெளியைத் திறந்து வைக்கிறது, முள்ளை ஏறவிடாமல் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் வெட்டுக்கிளிக்கு ஒரு தாளும் மிஞ்சாது. மலைமாட்டுக்காரரும் ஸ்டெப்பிப் பறவையும் ஒரே நிலத்துக்காக ஒரே காலத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்காகவும் சேர்த்துப் பேசும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பூச்சிமருந்தைப் பேசாமல் ஏலமலையைப் பேச முடியாது. ஞள்ளானி ரகம் வந்தபிறகு ஏலத்தில் விளைச்சல் பல மடங்கு கூடியது. நிழல் மரத்தைக் கவாத்து செய்து வெயிலை உள்ளே விட்டார்கள்; உரமும் மருந்தும் கூடின. இலைப்பேனும் தண்டு துளைப்பானும் காயைக் கெடுத்தால் ஏல மையத்தில் தரம் விழும், விலை விழும். ஆகவே மாதம் தவறாமல் மருந்தடி. பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்களே இதைக் கவலையோடு எழுதியிருக்கிறார்கள். மருந்து அடிப்பவரைப் பாருங்கள்: மேட்டில் டிரம், அதிலிருந்து நூறு அடிக்கும் மேல் ஓஸ், முகத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டும் நனைந்திருக்கும். ஏலச்செடியின் நிழலுக்குள் பூனைப்பருந்து நுழைவதில்லை. எனவே நேராக அங்கே விஷம் பட வாய்ப்பு குறைவு. தோட்டங்களுக்கு மேலே மூணாறு, மேகமலை உச்சிப் புல்வெளிகளில் அது திரிவதுண்டு. கீழே பருத்தியும் காய்கறியும் கடலையும் விளையும் சமவெளியில் அதே வகை மருந்துகள் திறந்த வெளியில் அடிக்கப்படுகின்றன. பருந்து இருப்பது அங்கே.

குளிர்கால வயலில் அடிக்கும் மருந்து ஸ்டெப்பிப் பறவையை என்ன செய்யும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. வட அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளியில் ஸ்வெய்ன்சன் வல்லூறு என்று ஒரு பறவை. நம் பூனைப்பருந்துக்கு அச்சாக அதே வாழ்க்கை: கோடையில் எலியும் அணிலும், குளிர்காலத்தில் அர்ஜென்டினாவின் பாம்பாஸில் வெட்டுக்கிளி. கலிஃபோர்னியாவில் வல்லூறுகள் திரும்பி வராமல் குறைவதைப் பார்த்த பிரையன் வுட்பிரிட்ஜ் அவற்றுக்குக் கருவி பொருத்தி, சிக்னலைப் பின்தொடர்ந்து 1995இல் அர்ஜென்டினாவுக்கே போனார். மரங்களின் அடியில் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளிக்காக மோனோகுரோட்டோபாஸ் அடித்த வயல்கள். மருந்தில் நனைந்து துடித்த பூச்சியைத் தின்ற பறவையும், டிராக்டருக்குப் பின்னாலேயே பறந்து மருந்துச் சாரலில் நனைந்த பறவையும் சேர்ந்து செத்தன. அடுத்த பருவத்தில் செத்தவை சுமார் 20,000 என்று மதிப்பிட்டார்கள். பிறந்த இடத்தில் பறவை பத்திரமாக இருந்தது. போன இடத்தில் செத்தது. சிபா-கெய்கி நிறுவனம் சரக்கைத் திரும்ப எடுத்தது, அர்ஜென்டினா அந்த மருந்தைத் தடை செய்தது, சாவு நின்றது.

அதே மோனோகுரோட்டோபாஸை இந்தியா 2005இல் காய்கறிக்கு மட்டும் தடை செய்தது. பருத்திக்கு அப்போதும் கடையில் கிடைத்தது. பீகாரில் 2013இல் மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் இறந்தபிறகும் அது சந்தையில் இருந்தது.

நேராகச் சாகடிக்காத மருந்தும் பருந்தைப் பட்டினி போடும். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழிக்கும் மாண்டேகு பூனைப்பருந்துகளைக் கருவி வைத்துப் பின்தொடர்ந்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். வறட்சி ஏற ஏற வெட்டுக்கிளி குறைகிறது. அதே அளவு தின்ன பருந்து மேலும் மேலும் நேரம் பறக்க வேண்டியிருக்கிறது. அதுவும் வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டிய கடைசி வாரங்களில். தேனியில் அந்த வாரங்கள் மாசி, பங்குனி. புல் காய்ந்து, ஆடு மிச்சத்தைக் கடித்து, மலைச்சரிவுகளில் தீ எழும் காலம். குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறியவர்களைச் சூழ்ந்து 23 உயிர்களைக் கொண்டுபோனது அதே ஆளுயரக் காய்ந்த புல்லில் காற்றோடு ஓடிய தீதான். எரிந்த சரிவில் ஓரிரு நாள் வேட்டை நன்றாக இருக்கும். ஓடி வெளியே வரும் பூச்சியைப் பிடிக்கப் பருந்துகள் கூடும். அப்புறம் அடுத்த மழைவரை அங்கே ஒன்றும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தப் பருந்துகள் இருக்கின்றன. இரைகொல்லிப் பறவைகளுக்கான பன்னாட்டுப் புரிந்துணர்வில் இந்தியா 2016இல் கையெழுத்திட்டது. வலசை உயிரினங்களின் உலக மாநாடு 2020இல் காந்திநகரிலேயே நடந்தது. பறவையைச் சுட்டால் சிறை. பறவையின் தரையை உழுதோ விற்றோ மூடினால் எந்த அலுவலகத்திலும் ஒரு தாள்கூட அசையாது. பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டும் திட்டத்துக்கு எவ்வளவு பேச்சு, எவ்வளவு வழக்கு! அந்த மலையின் காலடியில் புல் இருந்த இடம் ஒவ்வொரு வேலியாக மூடப்பட்டதற்கு யாரும் வழக்குப் போடவில்லை.

நிலத்தை ஒதுக்கி வேலி போடாமலும் பருந்தைக் காக்க முடியும் என்பதற்கு நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணம் சாட்சி. கோதுமை வயலுக்குள் கூடு கட்டும் மாண்டேகு பூனைப்பருந்துக்காக பென் கோக்ஸ் என்பவர் தொடங்கிய அமைப்பு, கூட்டைக் கண்டுபிடித்து உழவரிடம் பேசி, கூட்டைச் சுற்றிச் சில அடிகளை மட்டும் அறுக்காமல் விட வைத்தது. அதோடு வயல்களுக்கு நடுவே புல்லும் தீவனப் பயிரும் கீற்றுக் கீற்றாக விடும் ஏற்பாட்டுக்கு அரசு மானியமும் வந்தது. எலி திரும்பியது, பருந்து திரும்பியது. 2017இல் வெளிர் பூனைப்பருந்தே அந்த மாகாணத்தில் கூடு கட்டியது. நெதர்லாந்தில் அதற்கு முன் நடக்காதது. சொந்த ஊர் என்று எதையும் பிடித்துக்கொள்ளாத அதன் குணம் இங்கே உதவியது: இரையிருந்தால் புதிய நாட்டையும் வந்து பார்க்கும்.

தேனிக்கு முதல் வேலை அவ்வளவு பெரியதல்ல. எண்ண வேண்டும். பூனைப்பருந்து பகலில் தனித்தனியாகச் சுற்றினாலும் இரவில் கூட்டமாகத் தரையில் தங்கும். இடுப்பளவு புல் இருக்கும், நாய் அதிகம் வராத இடமாகப் பார்த்து வருடா வருடம் அங்கேயே வரும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மேட்டில் உட்கார்ந்து, திசைக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு வருவதை மட்டும் எண்ண வேண்டும். எழுந்து மறுபடி இறங்குவதைச் சேர்க்கக் கூடாது. மேற்கில் மலை உயரம் என்பதால் போடியில் வெளிச்சம் மற்ற ஊரைவிட முன்னதாகவே போய்விடும். தாமதமாகப் போனால் ஆண் எது, பெண் எது என்று பிரிக்க முடியாது. தங்குமிடத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. உருண்டை பொறுக்க வேண்டுமானால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், பருந்துகள் எல்லாம் கிளம்பிய பிறகு போகலாம். தங்குமிடம் எங்கே என்று ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் போதும். சாயங்காலம் புல்லுக்குள் பருந்து இறங்குவதை அவர் பல வருடமாகப் பார்த்திருப்பார்.